கொழுப்புக் கல்லீரலும் குடல் பாக்டீரியாவும்: நான்கு பாடங்களை இணைக்கும் ஒரு நோய்

எங்கள் ஒன்றியத்தில் ஆசிரியர்களுக்காக ஒரு மருத்துவ முகாம் நடந்தது. சக ஆசிரியை ஒருவரின் ஸ்கேன் அறிக்கையில் ‘ஃபேட்டி லிவர், கிரேடு 1’ என்று எழுதியிருந்தது. மறுநாள் ஆசிரியர் அறையில் ஒருவர் விளையாட்டாக, “என்ன டீச்சர், நீங்களுமா?” என்று கேட்டுவிட்டார். சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

இடைவேளையில் என்னிடம் வந்தார். “சார், நீங்க சயின்ஸ்தானே? குடிக்காதவங்களுக்கு எப்படி சார் இது வருது?”

உண்ணும் மாவுச்சத்தும் சர்க்கரையும் தேவைக்கு மிஞ்சும்போது கல்லீரல் அதைக் கொழுப்பாக மாற்றிச் சேர்த்து வைக்கிறது என்று சொன்னேன். அவர் விடவில்லை. “கொழுப்பு சேருது, சரி. ஆனா டாக்டர், ‘அழற்சி வராம பார்த்துக்கணும், அதுதான் முக்கியம்’னு சொன்னாரு. புண்ணுல கிருமி புகுந்தா வீங்கும்னு நீங்கதானே பிள்ளைங்களுக்குச் சொல்வீங்க? இங்க எந்தக் கிருமி புகுந்துச்சு?”

எனக்கு விடை தெரியவில்லை. தேடிப் படித்தபோதுதான், அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி என்று புரிந்தது. கிருமி முழுதாகப் புகவில்லை. கிருமியின் உடைந்த துண்டுகள் புகுகின்றன. அவை வரும் இடம் நம்முடைய குடல். அந்தத் தேடலில் அறிந்ததை வகுப்பறைக்குப் பயன்படும் வகையில் இங்கே தொகுத்திருக்கிறேன். செரித்தல், இரத்த ஓட்டம், நுண்ணுயிரிகள், நோய்த்தடைக்காப்பு ஆகியவற்றைத் தனித்தனிப் பாடங்களாக நடத்துகிறோம். இந்த ஒரு நோய் அந்த நான்கையும் ஒரே கோட்டில் நிறுத்துகிறது.

கொழுப்பு வேறு, அழற்சி வேறு

கல்லீரல் செல்களில் 5 விழுக்காட்டுக்கு மேல் கொழுப்புத் துளிகள் தேங்கியிருந்தால் அதைக் கொழுப்புக் கல்லீரல் என்கிறார்கள். இந்த முதல் நிலையில் பெரும்பாலோருக்கு எந்தத் தொல்லையும் தெரியாது. உணவையும் நடைப்பயிற்சியையும் சரிசெய்தால் இது மீளக்கூடியது.

சிலருக்கு மட்டும் அடுத்த நிலை வருகிறது. கொழுப்போடு அழற்சியும் சேர்கிறது. செல்கள் வீங்கி மடிகின்றன. அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடித்தால் மடிந்த செல்களின் இடத்தில் தழும்பு போன்ற நார்த்திசு வளர்கிறது. அது முற்றினால் கல்லீரல் இறுகிச் சுருங்கும் சிர்ரோசிஸ். அதிலிருந்து புற்றுநோயும் வரலாம்.

1980-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த யூர்கன் லுட்விக் என்ற நோய்க்குறியியல் வல்லுநர், 20 நோயாளிகளின் கல்லீரல் திசுக்களை விவரித்தார். நுண்ணோக்கியில் அவை மது அருந்துபவரின் கல்லீரலைப் போலவே இருந்தன. ஆனால் அவர்கள் மதுப்பழக்கத்தால் நோயுற்றவர்கள் அல்லர். இதற்கு ‘மது சாராக் கொழுப்புக் கல்லீரல் அழற்சி’ என்று அவர் பெயரிட்டார். இந்த நோய்க்கு மதுவைத் தொட்டே பெயர் வழங்கிவந்த வழக்கத்தை 2023-இல் பன்னாட்டுக் கல்லீரல் மருத்துவர் அமைப்புகள் மாற்றின. இப்போது ‘வளர்சிதை மாற்றக் கோளாறு சார்ந்த கொழுப்புக் கல்லீரல் நோய்’ என்கிறார்கள். பழைய பெயரால் நோயாளிகளுக்கு ஏற்பட்ட மனவருத்தமும் இந்த மாற்றத்துக்கு ஒரு காரணம். எங்கள் ஆசிரியர் அறையில் எழுந்த சிரிப்பு, உலகம் முழுதும் பலர் எதிர்கொண்ட சிரிப்புதான்.

கொழுப்பு மட்டுமே சேதத்துக்குக் காரணம் என்றால் எல்லாக் கொழுப்புக் கல்லீரலும் அழற்சியில் முடிய வேண்டும். அப்படி நடப்பதில்லை. இதை விளக்க 1998-இல் இங்கிலாந்தின் கிறிஸ்டோபர் டே, ஆலிவர் ஜேம்ஸ் ஆகியோர் ‘இரு அடி’ என்ற கருத்தை முன்வைத்தனர். கொழுப்பு சேர்வது முதல் அடி. அது கல்லீரலைப் பலவீனமாக்குகிறது. இரண்டாவதாக வேறொரு அடி விழும்போது அழற்சி தொடங்குகிறது. இன்றைய ஆய்வாளர்கள் அடிகள் இரண்டல்ல, பல திசைகளிலிருந்து ஒரே நேரத்தில் விழுகின்றன என்கிறார்கள். பரம்பரை, இன்சுலின் எதிர்ப்பு நிலை, கொழுப்புத் திசுவிலிருந்து வரும் வேதிப்பொருள்கள் ஆகியவை அவற்றில் சில. குடல் பாக்டீரியாவின் நச்சும் அவற்றில் முக்கியமான ஒன்று.

குடலிலிருந்து கல்லீரலுக்கு நேர்வழி

உடலின் பெரும்பாலான உறுப்புகளிலிருந்து இரத்தம் நேராக இதயத்துக்குத் திரும்புகிறது. குடலிலிருந்து வரும் இரத்தம் அப்படிச் செல்வதில்லை. அது கல்லீரல் போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குள் நுழைகிறது. கல்லீரலுக்கு ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் இரத்தம் வருகிறது. அதில் முக்கால் பங்கு இந்தச் சிரை வழியாக வருவதுதான். உறிஞ்சப்பட்ட குளுக்கோசும் அமினோ அமிலங்களும் இப்படித்தான் முதலில் கல்லீரலை அடைகின்றன என்று நாம் கற்பிக்கிறோம். அதே வழியில் வேண்டாதவையும் வரலாம் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

நம் உடலில் வாழும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை சுமார் 38 லட்சம் கோடி என்று 2016-இல் வெளியான ஒரு கணக்கீடு கூறுகிறது. அவற்றில் மிகப் பெரும்பான்மை பெருங்குடலில் உள்ளன. இந்தக் கூட்டத்துக்கும் இரத்தத்துக்கும் நடுவே இருப்பது கோழைப் படலமும், அதன் கீழே ஒரே ஒரு செல் தடிமன் கொண்ட எபிதீலிய அடுக்கும்தான். அந்தச் செல்கள் சில நாள்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதியவை வருகின்றன. அடுத்தடுத்த செல்களைப் புரதங்களாலான இறுகிய பிணைப்புகள் தைத்து வைத்திருக்கின்றன. இவ்வளவு மெல்லிய மதிலால் நாம் நலமாக வாழ்வதே வியப்புக்குரியது.

நச்சு எங்கே இருக்கிறது?

‘பாக்டீரியா நச்சு’ என்றதும் தொண்டை அடைப்பான், டெட்டனஸ் போன்றவைதான் நினைவுக்கு வரும். அவை பாக்டீரியாக்கள் உயிரோடு இருக்கும்போது வெளியே சுரக்கும் புறநச்சுகள். கல்லீரல் கதையில் வருவது வேறு வகை.

1892-இல் பெர்லினில் ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஃபைஃபர், காலரா பாக்டீரியாவை வெப்பத்தால் கொன்று கினிப்பன்றிகளுக்குச் செலுத்தினார். பாக்டீரியா இறந்த பிறகும் அவை நோயுற்று மடிந்தன. நச்சு பாக்டீரியாவின் உடலோடு ஒட்டியிருக்கிறது, அது வெப்பத்தையும் தாங்குகிறது என்று அவர் உணர்ந்தார். அதை அகநச்சு என்று அழைத்தார். அகநச்சு என்பது கிராம் நெகடிவ் பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் உள்ள லிப்போபாலிசாக்கரைடு என்ற மூலக்கூறு என்பது பின்னர் தெளிவானது. பெயரிலேயே பொருள் இருக்கிறது: கொழுப்பும் கூட்டுச் சர்க்கரையும் இணைந்தது. அதன் கொழுப்புப் பகுதியான லிப்பிட் ஏ-தான் நஞ்சு. ஒரே ஒரு ஈ.கோலை செல்லின் மேல் இத்தகைய மூலக்கூறுகள் ஏறத்தாழ 10 லட்சம் உள்ளன. பாக்டீரியா பெருகும்போதும் மடியும்போதும் அவை உதிர்கின்றன.

இங்கே மாணவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. இவை ‘கெட்ட பாக்டீரியா’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஈ.கோலையின் பெரும்பாலான வகைகள் நம் குடலில் தீங்கின்றி வாழ்பவை. அகநச்சும் குடலுக்குள் இருக்கும்வரை பெரிய தொல்லை தருவதில்லை. அதே மூலக்கூறு மதிலைக் கடந்து இரத்தத்துக்குள் வரும்போதுதான் உடல் அதை ஆபத்தாகக் கருதுகிறது.

மதில் தளரும்போது

நலமாக உள்ளவரின் போர்ட்டல் இரத்தத்திலும் மிகச் சிறிதளவு அகநச்சு வரும். அதை அப்புறப்படுத்தக் கல்லீரலில் காவலர்கள் இருக்கிறார்கள். அவை 1876-இல் ஜெர்மனியின் கார்ல் வில்ஹெல்ம் ஃபான் குப்ஃபர் விவரித்த குப்ஃபர் செல்கள். இவை கல்லீரலின் நுண்ணிய இரத்த வழிகளில் நிலையாகத் தங்கியிருக்கும் பெருவிழுங்கு செல்கள். உடலின் திசுக்களில் நிலைகொண்டுள்ள இத்தகைய செல்களில் மிகப் பெரும்பகுதி கல்லீரலில்தான் உள்ளது. வந்ததை விழுங்கிச் சத்தமின்றி வேலையை முடித்துவிடுகின்றன.

கொழுப்பும் இனிப்பும் மிகுந்து நார்ச்சத்து குறைந்த உணவு தொடரும்போது இந்தச் சமநிலை குலைகிறது. குடல் பாக்டீரியாக்களின் கலவை மாறுகிறது. நார்ச்சத்தை நொதிக்கவைக்கும் பாக்டீரியாக்கள் பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலத்தைத் தருகின்றன. பெருங்குடல் செல்களுக்கு அதுதான் முதன்மையான எரிபொருள். நார்ச்சத்து குறைந்தால் அந்த எரிபொருளும் குறைகிறது, பிணைப்புகள் தளர்கின்றன. மதுவும் இந்தப் பிணைப்புகளைத் தளர்த்தும். குடிப்பவரின் கல்லீரல் அழற்சியிலும் அகநச்சுக்குப் பங்கு உண்டு. லுட்விக் நுண்ணோக்கியில் கண்ட ஒற்றுமைக்கு இது ஓரளவு விளக்கம் தருகிறது. புறப்படும் இடம் வேறாக இருந்தாலும் நடுவில் இரண்டும் ஒரே பாதையில் சேர்கின்றன.

அகநச்சு மிகுந்து வரும்போது குப்ஃபர் செல்களின் மேற்பரப்பில் உள்ள டிஎல்ஆர்4 என்ற உணர்வேற்பி அதை அடையாளம் காண்கிறது. உடனே செல்லுக்குள் சமிக்ஞை சென்று டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற சைட்டோகைன்கள் வெளியாகின்றன. அவை பிற வெள்ளணுக்களை வரவழைக்கின்றன. உண்மையான தொற்று வந்தால் இது உயிர்காக்கும் ஏற்பாடு. தொற்றே இல்லாமல் நாள்தோறும் சிறிது சிறிதாக நடந்தால், அருகிலுள்ள கல்லீரல் செல்கள்தான் அடிபடுகின்றன. ஏற்கெனவே கொழுப்புச் சுமையால் தளர்ந்த செல்கள் எளிதில் மடிகின்றன. வைட்டமின் ஏ-யைச் சேமித்துக்கொண்டு அமைதியாக இருக்கும் விண்மீன் வடிவச் செல்களும் தூண்டப்பட்டு, கொலாஜன் நார்களை உருவாக்கத் தொடங்குகின்றன. தழும்பு அங்கே தொடங்குகிறது.

இது எப்படித் தெரிந்தது?

மேல்நிலை, உயர்நிலை வகுப்புகளுக்கு இந்தப் பகுதிதான் மிகவும் பயனுள்ளது. முடிவை மட்டும் சொல்லாமல், சான்றுகளை வரிசையாக வைத்து மாணவர்களையே எடைபோடச் சொல்லலாம்.

சான்று 1: உடல் பருமனுக்காகச் சிறுகுடலின் பெரும்பகுதியைத் தவிர்த்து உணவை மாற்றுப்பாதையில் செலுத்தும் அறுவை சிகிச்சை 1960-களிலும் 70-களிலும் செய்யப்பட்டது. ஒதுக்கப்பட்ட குடல் பகுதியில் பாக்டீரியா பெருகியது. சிலருக்குக் கல்லீரல் அழற்சி கடுமையானது. மெட்ரோனிடசோல் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பி கொடுத்தபோது சிலருக்கு அது தணிந்தது. பின்னர் அந்த அறுவை சிகிச்சை கைவிடப்பட்டது.

சான்று 2: 1997-இல் அமெரிக்காவில் அன்னா மே டீல் குழுவினர், பருமனான எலிகளுக்கும் சாதாரண எலிகளுக்கும் அகநச்சைச் செலுத்தினர். சாதாரண எலிகள் தாங்கிக்கொண்ட சிறிய அளவே கொழுப்புக் கல்லீரல் கொண்ட எலிகளுக்குக் கடும் சேதம் விளைவித்தது.

சான்று 3: ஒரு வகை எலிகள் அகநச்சு செலுத்தினாலும் நோயுறுவதில்லை. ஏன் என்று தேடிய புரூஸ் பாய்ட்லர், அவற்றில் டிஎல்ஆர்4 மரபணு பழுதாகியிருப்பதை 1998-இல் கண்டறிந்தார். இதற்காக 2011-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சான்று 4: 2007-இல் பட்ரிஸ் கானி குழுவினர், எலிகளுக்கு நான்கு வாரம் கொழுப்பு மிகுந்த உணவு கொடுத்தபோது இரத்தத்தில் அகநச்சு இரண்டு முதல் மூன்று மடங்கு உயர்ந்தது. சாதாரண உணவு உண்ட எலிகளுக்கு அதே அளவு அகநச்சைத் தொடர்ந்து செலுத்தியபோதும் எடை கூடியது, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தது.

சான்று 5: 2009-இல் இத்தாலியில் கொழுப்புக் கல்லீரல் உள்ள 35 பேரைச் சோதித்தபோது, அவர்களின் குடல் நலமானவர்களின் குடலைவிடக் கூடுதலாகக் கசிவது தெரிந்தது.

சான்று 6: 2019-இல் சீன ஆய்வாளர்கள், கொழுப்புக் கல்லீரல் உள்ள பலரின் குடலில் சர்க்கரையிலிருந்து மிகுதியாக ஆல்கஹால் உருவாக்கும் கிளெப்சியெல்லா பாக்டீரியாவைக் கண்டனர். அதை எலிகளுக்குச் செலுத்தியபோது அவற்றுக்கும் கொழுப்புக் கல்லீரல் வந்தது.

இப்போது மாணவர்களிடம் கேட்கலாம்: “இவற்றில் எது எலியில், எது மனிதரில்? ‘இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன’ என்பது எது? ‘ஒன்று மற்றொன்றை உண்டாக்கியது’ என்பது எது?” ஐந்தாவது சான்று மனிதரில் கிடைத்தது, ஆனால் கசிவால் நோய் வந்ததா, நோயால் கசிவு வந்ததா என்பதை அது மட்டும் சொல்லாது. நான்காவது சான்று காரணத்தைக் காட்டுகிறது, ஆனால் எலியில். இந்த வேறுபாட்டைப் பதினைந்து வயதில் உணரும் மாணவர், நாளை ‘ஒரே வாரத்தில் கல்லீரல் சுத்தம்’ என்ற விளம்பரத்தைக் கண்டால், சான்று எங்கே என்று கேட்பார்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

1. துணி வடிகட்டி (தொடக்க நிலை): மஞ்சள் கரைத்த நீரில் ஒரு பிடி ரவையைக் கலந்து, நெருக்கமாக நெய்த துணியில் வடிகட்டச் சொல்லவும். மஞ்சள் நீர் இறங்கும், ரவை நிற்கும். பின் அதே துணியில் ஆணியால் துளைகள் இட்டு மீண்டும் வடிகட்டவும். முடிவில், “நம் குடல் இந்தத் துணியைப் போன்றதா?” என்று கேட்டு, குடல் மதில் உயிருள்ளது, தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் என்ற வேறுபாட்டையும் சொல்ல வேண்டும்.

2. நடிப்பு (நடுநிலை): எட்டுப் பேர் கைகோத்துக் குடல் மதிலாக நிற்கட்டும். இரண்டு பேர் குப்ஃபர் செல்கள், கையில் விசில். ஐந்து பேர் கல்லீரல் செல்கள். அமர்ந்து ஒரு பத்தியை எழுத வேண்டும். முதல் சுற்றில் மதிலின் இடைவெளியில் ஒன்றிரண்டு ‘அகநச்சு’ அட்டைகளே வரும். காவலர் எடுத்துப் பையில் போடுவர். இரண்டாம் சுற்றில் கைகள் விலகும், அட்டைகள் குவியும். ஒவ்வொன்றுக்கும் காவலர் விசில் ஊத வேண்டும். எழுதுபவர்கள் தடுமாறுவார்கள். மூன்றாம் சுற்றில் எழுதுபவர்களின் மடியில் புத்தகப் பைகளையும் ஏற்றவும், அது கொழுப்பு. எந்தச் சுற்றில் எழுத்து மிகவும் சிதைந்தது என்று ஒப்பிட்டால், ‘இரு அடி’ கருத்து தானே விளங்கும்.

3. நார்ச்சத்துப் பட்டியல் (அனைத்து நிலை): ஒரு வாரம் உண்டவற்றில் கீரை, பயறு, சிறுதானியம், பழம் எத்தனை முறை வந்தன என்று ஒவ்வொருவரும் தமக்குள் குறித்துக்கொள்ளட்டும். சத்துணவில் தரும் கொண்டைக்கடலையும் பாசிப்பயறும் குடல் பாக்டீரியாவுக்கும் உணவு என்று சொன்னால் பிள்ளைகள் ஆர்வத்தோடு கேட்பார்கள். பட்டியலை வாங்கிப் பார்க்கவோ ஒப்பிடவோ வேண்டாம்.

மாணவர் கேட்கக்கூடிய கேள்விகள்

பாக்டீரியாதான் காரணம் என்றால் மாத்திரை போட்டுக் கொன்றுவிடலாமே? கூடாது. நுண்ணுயிர் எதிர்ப்பிகள் பயன்தரும் பாக்டீரியாக்களையும் அழிக்கும். மருந்துக்கு அடங்காத பாக்டீரியா பெருகவும் இடம் தரும். பாக்டீரியா மடியும்போதுதான் அகநச்சு உதிர்கிறது என்பதையும் நினைவூட்டலாம்.

தயிர் சாப்பிட்டால் சரியாகிவிடுமா? தயிர் நல்ல உணவு. ஆனால் அது இந்த நோய்க்கு மருந்து என்று நிறுவப்படவில்லை. நிறுவப்பட்டது எடைக்குறைப்பின் பயன்: கூடுதல் எடை உள்ளவர்கள் உடல் எடையில் 5 விழுக்காடு குறைத்தால் கல்லீரல் கொழுப்பு குறைகிறது, 7 முதல் 10 விழுக்காடு குறைத்தால் அழற்சியும் தணிகிறது.

ஒல்லியானவர்களுக்கு வராதா? வரும். நம் நாட்டில் மெலிந்த உடல்வாகு உள்ளவர்களிடமும் இது காணப்படுகிறது. வயிற்றுப் பகுதியில் சேரும் கொழுப்பும் இன்சுலின் எதிர்ப்பு நிலையும் எடைக்கருவியில் தெரிவதில்லை.

நாம் கவனிக்க வேண்டியது

நடுவண் அரசு 2021-இல் இந்த நோயைத் தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தில் சேர்த்தது. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் போல இதையும் ஆரம்பத்திலேயே கண்டறிய வேண்டும் என்பது அதன் நோக்கம். குழந்தைகளிடமும் இது வருகிறது என்பதால் பள்ளிக்கும் இதில் பங்கு உண்டு. ஏப்ரல் 19 உலகக் கல்லீரல் நாள். ஆண்டுத் தேர்வு நெருங்கும் காலம் என்பதால், இப்பாடத்தை முன்பே நடத்திவிடுவது நல்லது.

நடத்தும்போது இரண்டு எச்சரிக்கைகள். பருமனான மாணவரை எடுத்துக்காட்டாகக் காட்டக் கூடாது. பெயர் சொல்லாவிட்டாலும் வகுப்பின் கண்கள் அங்கே திரும்பும். ‘கல்லீரல் நோய் என்றால் குடியால் வருவது’ என்றும் சொல்லக் கூடாது. நம் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தையின் அம்மாவோ அப்பாவோ அந்த நோயோடு வீட்டில் இருக்கலாம். குடியால் வந்ததாகவே இருந்தாலும், அந்தக் குழந்தை தலைகுனிய வேண்டியதில்லை.

நான் படித்ததை ஒரு சனிக்கிழமை ஆசிரியர் அறையில் கரும்பலகையில் வரைந்து விளக்கினேன். அன்று விளையாட்டாகக் கேட்டவரும் இருந்தார். முடிந்ததும் அவரே எழுந்து, “டீச்சர், அன்னைக்குத் தெரியாம சொல்லிட்டேன்” என்றார். ஆசிரியை சிரித்துவிட்டு, “அது போகட்டும் சார், உங்க ஸ்கேனையும் ஒரு தடவை பாத்துக்குங்க” என்றார். அவர் இப்போது மாலையில் பேருந்து நிறுத்தம்வரை நடந்தே போகிறார். உடன் நடப்பவர்கள் மூவர். அவர்களில் நானும் ஒருவன்.